சாய் அம்மா எழுதிவைத்த என் பொய்

1

சாய் அம்மா இறந்து ஒரு வருடம் ஆனதையொட்டி, போன ஐப்பசியில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். எங்கள் ஊர் என்று எழுதிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினேன். கோயமுத்தூரில் இதைப் படிக்கிற உங்களுக்கு அது குழப்பமாக இருக்கும். தைவானின் தெற்கே இருக்கும் தைனான் நகரத்தைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் சண்முகம் திருப்பூரில் நிட்டிங் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். அந்த மெஷினைச் செய்கிற கம்பெனியிலேயே வேலை கிடைத்து இங்கே வந்தார், பின்னாலேயே நானும் வந்தேன். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது.

சாய் அம்மா எங்கள் கீழ்வீட்டுக்காரர், கதை எழுதுகிறவர். ஒன்பது சிறுகதைத் தொகுப்பும் இரண்டு நாவலும் எழுதியிருக்கிறார். நான் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. சீனம் பேச வருமே தவிர, கடைப்பலகையும் பஸ் நம்பரும் தாண்டி எனக்குப் படிக்க வராது. அதனால் கூட்டத்துக்கு என் மகள் யாழினியைத் துணைக்குக் கூட்டிப்போனேன். அவளுக்குப் பதினேழு வயது, பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். சீனம் தண்ணீர் போல வரும், தமிழ்தான் வீட்டில் அதட்டினால் வரும்.

இருபது முப்பது பேர் வந்திருந்தார்கள். ஊன்றுகோலோடு வந்த ஒரு வயதான அம்மாள் எழுந்து ஏதோ சொன்னார். "இவங்க அவங்களோட முப்பது வருசம் பேசலையாம். ஆனா எல்லா புக்கும் வாங்கியிருக்காங்களாம்" என்று யாழினி என் காதில் சொன்னாள். கடைசியில், சாய் அம்மா இறந்தபின் வந்த புதுத் தொகுப்பை விற்றார்கள். எனக்குப் பயன்படாது என்று தெரிந்தும் ஒன்று வாங்கினேன். திரும்பும் ரயிலில் பொழுதுபோகாமல் யாழினி அதைப் பிரித்தாள்.

நான்கு ஸ்டேஷன் வரை படித்தாள். பிறகு மூடி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் நேரே சமையலறைக்குப் போனாள். அரிசி டப்பாவைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டாள்.

"அம்மா, உன் கார்டு இங்கதான இருந்துச்சு?" என்றாள்.

என்ன கார்டு, ஏன் அரிசிக்குள் என்று சொல்ல வேண்டுமானால் சாய் அம்மாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

2

'இத்தனை வருசமா அங்கதான் குப்பை கொட்றேன்' என்று நம் பக்கம் சொல்வோம் இல்லையா, தைவானில் அது சொல்லுக்குச் சொல் உண்மை. தெருவில் குப்பைத்தொட்டி கிடையாது. சாயங்காலம் ஆறரைக்கு மஞ்சள் லாரி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். ஓடிப்போய் நம் கையாலேயே அதில் போட வேண்டும். வந்த புதிதில் ஐஸ் வண்டி என்று நினைத்துப் பர்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தெருவே கையில் அழுகல் பையோடு நின்றது.

லாரிக்காகக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இங்கே எனக்கு அறிமுகமானவர்கள் எல்லாரும் அறிமுகமானார்கள். சாய் அம்மாவும் அப்படித்தான். ஒல்லியான உடம்பு, ஆம்பளைச் சட்டை, ரப்பர் செருப்பு, வாயில் சிகரெட். எழுத்தாளரை இங்கே பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், ஆசிரியர் என்பார்கள், அவர்கள் மொழியில் லாவ்ஷி. என் நாக்குக்கு அது லாவ்ஷு என்றுதான் வந்தது. லாவ்ஷு என்றால் எலி. எட்டு மாதம் அந்த மனுஷியை நான் தினமும் 'வணக்கம், எலி' என்றிருக்கிறேன். ஒருநாள் யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சொன்னபோது எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "திருத்தாதே. லாவ்ஷி என்று கூப்பிட நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றார் அவர்.

ஷியெஷியெ என்றால் நன்றி. மொட்டையாகச் சொல்ல எனக்கு என்னவோ போலிருக்கும், 'ஷியெஷியெங்க' என்பேன். அந்த 'ங்க' என்ன என்று கேட்டார். எங்கள் பக்கம் அதைச் சேர்க்காவிட்டால் பெரியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்றேன். சட்டைப்பையிலிருந்த நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் லாரி டிரைவருக்கு அவரும் ஷியெஷியெங்க சொன்னார்.

கோயமுத்தூரில் இருக்கும் என் அண்ணன் தங்கராசிடம் போனில் இவரைப் பற்றிச் சொன்னேன். "சாயா? சாய்பாபா காலனிக்காரங்களா?" என்று சிரித்தார்.

பழகிய ஆரம்பத்திலேயே சாய் அம்மா என்னிடம் சொன்ன ஒன்று உண்டு. "என்னிடம் எதையும் சொல்லாதே. எழுதிவிடுவேன்."

3

அவர் வாழ்க்கையைத் துண்டுதுண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். லாரி வந்ததும் பேச்சு நின்றுவிடும்.

தெற்கே ஒரு சர்க்கரை ஆலை ஊரில் பிறந்தவர். அப்பா கரும்பு வெட்டும் கூலி. வீட்டில் பேசியது தைவானியம். பள்ளிக்கூடத்தில் மாண்டரின் சீனம்தான் பேச வேண்டும். வீட்டு மொழி வாயில் வந்துவிட்டால் கழுத்தில் ஒரு பலகையை மாட்டிவிடுவார்கள். நம் ஊர் கான்வென்ட்களில் தமிழ் பேசினால் ஃபைன் போடுவதில்லையா, அந்த மாதிரி. இங்கே அது நாடு முழுக்க நடந்திருக்கிறது.

பதினைந்து வயதில் துறைமுக நகரத்தில் ஒரு பின்னலாடைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள், நம் கணக்கில் பனியன் கம்பெனி. நானும் கல்யாணத்துக்கு முன்னால் பெருந்துறையில் தொழிற்பேட்டை பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங்கில் இருந்தவள்தான். பஞ்சு தூசி, கண் எரிச்சல், சூப்பர்வைசர் குரல் எல்லாம் சொல்லாமலே புரிந்தது. அவருக்கு ஹாஸ்டல் வாழ்க்கை. ஓர் அறைக்கு எட்டுப் பெண்கள், அதில் நன்றாக எழுதத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். மற்றவர்களின் வீட்டுக்கு இவர்தான் கடிதம் எழுதுவார்.

"நன்றாகச் சாப்பிடுகிறேன், வேலை கஷ்டமில்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. இதைத்தான் எல்லாரும் எழுதச் சொல்வார்கள்" என்றார். "ஏழு பேருக்கும் பொய் எழுதிக் கொடுத்தேன். எழுதாமல் விட்ட உண்மையெல்லாம் என்னிடமே தங்கிவிட்டது. அதைத்தான் முதல் புத்தகமாகப் போட்டேன்."

அந்தப் புத்தகம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது, ஆஹோங் என்ற உயிர்த்தோழியை எடுத்துக்கொண்டது. ஆஹோங் ஹாஸ்டலில் இருந்தபோது கர்ப்பமாகி, யாருக்கும் தெரியாமல் கலைத்தவள். சாய் அம்மா பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதினார். ஆனால் கதையில் வந்த பெண்ணுக்கும் ஆஹோங்குக்கு இருந்ததுபோல ஒரு தெற்றுப்பல் இருந்தது. புகுந்த வீட்டில் யாரோ படித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆஹோங் இவர் வாசலில் வந்து நின்று, "பெயரை மாற்றினாய். என் பல்லை மாற்ற உனக்கு மனசு வரவில்லையே" என்று கேட்டுவிட்டுப் போனாளாம். நூலகத்தில் ஊன்றுகோலோடு எழுந்து பேசியவர் அவர்தான்.

"ஏன் மாற்றவில்லை?" என்று கேட்டேன்.

"பல்லை மாற்றியிருந்தால் அது அவளாக இருந்திருக்காது" என்றார். கொஞ்சம் கழித்து, "இது நல்ல பதில் இல்லை. முப்பது வருடமாக வேறு பதில் கிடைக்கவில்லை" என்றார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க்காக இருந்துகொண்டு, விடியற்காலையில் எழுந்து எழுதினார். பத்திரிகையில் கதை வந்தால் ஊருக்குப் போய் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார். அம்மாவுக்கு எழுத்தும் தெரியாது, மாண்டரினும் தெரியாது. இவர் அங்கேயே தைவானியத்தில் மாற்றி மாற்றிச் சொல்வார். அம்மாவைப் பற்றி எழுதிய இடம் வந்தால் மட்டும் தாண்டிவிடுவாராம்.

"கண்டுபிடிக்கவில்லையா?"

"பக்கம் பெரிதாக இருக்கிறது, கதை சின்னதாக இருக்கிறதே என்பாள்."

4

இனி என் கதை. ஏழு வருடத்துக்கு முன், மார்கழிக் கடைசியில் அண்ணன் போன் செய்தார். அம்மா அவரோடு கோயமுத்தூர் கணபதியில் இருந்தார். அண்ணனுக்கு அங்கே ஒரு லேத்துப் பட்டறை.

"கண்ணு, அம்மாவுக்கு முடியலையாட்ட இருக்குது. ஆஸ்பத்திரில சேத்தியிருக்கறோம். உன்னையவே கேட்டுட்டு இருக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போயிரு."

நான் சொன்னேன்: "கார்டு புதுப்பிக்கக் குடுத்திருக்கறனுங்ணா. இன்னும் கைக்கு வரலீங். கார்டு இல்லாம வெளிய போனா மறுபடி உள்ள உட மாட்டாங்க."

வெளிநாட்டில் குடியிருக்கிறவர்களுக்கு இந்தக் கார்டுதான் உயிர். அதற்காக எத்தனை நாள் குடியேற்ற அலுவலகத்து நாற்காலியில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறேன் என்பது அண்ணனுக்குத் தெரியும். ஒருமுறை இனிஷியலை விரித்து எழுதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு முறை கல்யாணச் சான்றிதழில் முத்திரை மங்கல் என்றார்கள். அதனால் அண்ணன் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிவிட்டார்.

கார்டு நான்கு நாளைக்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

ஏன் பொய் சொன்னேன் என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தைய தடவை ஊருக்குப் போனபோது சர்க்கரை டப்பா எங்கே என்று சமையலறையில் தேடினேன். "ஒறம்பரைக்கு நாமதான எடுத்துக் குடுக்கோணும்" என்றார் அம்மா. விருந்தாளியை எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். அந்த வார்த்தை மனதில் இருந்தது உண்மைதான். ஆனால் அது காரணம் இல்லை. அலுப்பு என்பதுதான் கிட்டத்தில் வருகிறது. இரண்டு விமானம் மாறி, ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்று, வருகிற போகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் எப்ப வந்தே எப்பப் போறே என்று பதில் சொல்வதை நினைத்தால் கால் எழவில்லை. ஒரு வாரம் பார்ப்போம், அம்மா தேறிவிடுவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அதற்குப் பின்னால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

மேசை மேல் இருந்தால் கண்ணில் படுகிறது என்று கார்டை அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். என் வீட்டுக்காரருக்குக் கார்டு வந்தது தெரியும். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததற்காகவும் எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது.

பதினோராம் நாள் அம்மா போய்விட்டார். அப்போது கார்டு வந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? சித்தப்பா மகன் போனில் வீடியோ காட்டினான். அவன் போனைப் படுக்கையாகப் பிடித்ததில் எனக்கு எல்லாம் சாய்ந்து தெரிந்தது. தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. புயல் எச்சரிக்கை விட்ட ஒருநாள் குப்பை லாரி வர நேரமாயிற்று. தெருமுனையில் சாய் அம்மாவும் நானும் மட்டும் நின்றோம். அரிசி டப்பா உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என்னிடம் சொல்லாதே என்றேனே" என்றார்.

"எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் யாருக்கும் சீனம் தெரியாது" என்றேன். கிணற்றில் கல்லைப் போட்ட மாதிரி, சத்தம் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபின் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "எழுதிவிட்டேன். கடைசித் தொகுப்பில் இருக்கிறது. வேண்டாம் என்றால் இப்போதே எடுத்துவிடுகிறேன். உன் மகள் படிப்பாள்."

"அவள் போனைத் தவிர எதையும் படிக்க மாட்டாள். இருக்கட்டும்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். ஆஹோங்கிடம் கேட்காமல் விட்டதை என்னிடம் கேட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. நானும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கேயாவது அது எழுதப்பட்டு இருக்கட்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

5

கையில் ஒட்டிய அரிசியோடு யாழினி சமையலறையில் நின்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. "வாசிச்சுக் காட்டு" என்றேன்.

மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்துத் தமிழில் சொன்னாள். வார்த்தை கிடைக்காமல் நின்றால் அவள் அப்பா எடுத்துக் கொடுத்தார். கதையில் வருகிற பெண் ஒரு பழக்கடையில் வேலை செய்கிறாள். தெற்கே எங்கோ கடல் தாண்டிய நாட்டுக்காரி. பெயர் வேறு, ஊர் வேறு. அரிசி டப்பா மட்டும் அப்படியே இருந்தது. அம்மா இறந்தபின் அவள் குடியேற்ற அலுவலகத்துக்குப் போகிறாள். டோக்கன் எடுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்து, ஜன்னலில் இருக்கும் அதிகாரியிடம், என் கார்டு தாமதமாக வந்தது என்று ஒரு சான்று எழுதிக் கொடுங்கள் என்கிறாள். உங்கள் கார்டு சரியான நாளில் வந்துவிட்டதே என்கிறார் அவர். அது எனக்குத் தெரியும், எழுதி மட்டும் கொடுங்கள் என்கிறாள். அதோடு கதை முடிகிறது.

அப்படி நான் போகவே இல்லை. ஆனால் போயிருக்கக்கூடியவள்தான் என்று கேட்கும்போதே தெரிந்தது.

அச்சில் பதினான்கு பக்கம், அவள் சொன்னது கொஞ்ச நேரம்தான். எதையாவது தாண்டியிருப்பாளோ என்று தோன்றியது.

யாழினி புத்தகத்தை மூடினாள். "இதுல ஒண்ணு இல்லம்மா" என்றாள்.

"என்ன?"

"நான் இல்ல. அன்னிக்கு மாமா எங்கிட்ட போன்ல கேட்டாரு. அம்மாக்கு கார்டு வந்துச்சா கண்ணுன்னு. நான் உன்னையப் பாத்தேன். நீ இப்டித் தலைய ஆட்டுன. நான் வரலைன்னு சொன்னேன். எனக்கு கார்டு எங்க இருக்குன்னு தெரியும். அரிசி எடுக்கப் போறப்ப பாத்திருக்கேன்."

எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. அப்போது அவளுக்குப் பத்து வயது. இத்தனை வருடம் என் நினைவில் நான் மட்டும்தான் பொய் சொன்னேன்.

"அதுக்கப்புறம் மாமா போன் பண்ணா, மறுபடி கேப்பாரோன்னு பயமா இருக்கும். அதான் பேச மாட்டேன்" என்றாள். "நீங்கெல்லாம் எனக்குத் தமிழ் வரலைன்னு சொன்னீங்க."

உண்மைதான், சொன்னோம். பிள்ளை தமிழை விட்டு விலகுகிறாள், ஊரை விட்டு விலகுகிறாள் என்று புலம்பாத நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் தமிழ் வகுப்பில் சேர்த்தோம். அண்ணன் போன் வந்தால் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வதைப் பார்த்து, இந்த ஊர் வளர்ப்பு இப்படித்தான் என்று பேசிக்கொண்டோம்.

"மாமாகிட்ட சொல்லு" என்றாள். "நேர்ல சொல்லு. நானும் வரேன்."

6

அம்மாவின் திதி தை மாதத்தில் வருகிறது. அவளுக்கும் அப்போது பள்ளி விடுமுறை. அவளுடைய பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க ஆறு வாரம் ஆயிற்று. நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை என்பதை எந்த நாட்டுப் படிவமும் ஒத்துக்கொள்வதில்லை. அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டதில், பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு அவள் மிஸ் சண்முகம். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை.

பீளமேடு ஏர்போர்ட்டுக்கு அண்ணனே கார் எடுத்து வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை யாழினியைக் கட்டிக்கொண்டு, "என்ன கண்ணு இப்படி எளைச்சுப்போயிட்ட" என்றார். அவள் இளைக்கவெல்லாம் இல்லை. இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. காந்திபுரத்தில் சுடிதார் எடுத்தோம். டவுன் பஸ் ஹாரனுக்கெல்லாம் யாழினி காதைப் பொத்திக்கொண்டாள், நங்கை அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். சொல்லாமலே திரும்பிவிடலாமா என்று எனக்கு ஆசை வந்தது. யாழினி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் பவானி கூடுதுறைக்குப் போய்த் திதி கொடுத்தோம். அண்ணன் ஈர வேட்டியோடு படியேறி வந்து, "ஏழு வருசத்துல இந்தத் தடவதான் நீ கூட இருக்கற. அம்மா சந்தோசப்படும்" என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

திரும்பும் வழியில் பெருந்துறையில் ஒரு பேக்கரியில் வண்டியை நிறுத்தினார். டீயும் தேங்காய் பன்னும் வந்தது.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்."

"சொல்லு."

"அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்பவே எனக்குக் கார்டு வந்துருச்சுங்."

"எந்தக் கார்டு?"

"வரலைன்னு சொன்னனுங்களே, அந்தக் கார்டு. நீங்க மொதல்ல போன் பண்றதுக்கு நாலு நாளைக்கு முன்னாடியே வந்துருச்சுங். நான் பொய் சொல்லிப்போட்டனுங்."

அவர் கையில் இருந்த பன்னைத் தட்டில் வைத்தார். நங்கை சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏனுங், வண்டில போய்ப் பேசிக்கலாமுங்" என்றார். அண்ணன் அசையவில்லை.

"நாலு நாள் முன்னாடியே" என்றார். பிறகு நிதானமாகப் பேசினார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மா உன்னையத் திட்டவே இல்ல, தெரியுமா? அந்த ஊர் கவருமெண்டத்தான் திட்டுச்சு. எம்புள்ள வரோணும்னு துடிக்குது, பாழாப்போனவனுக கார்டு குடுக்க மாட்டீங்கறானுகன்னு வர்ற நர்சுகிட்டயெல்லாம் சொல்லீட்டு இருந்துச்சு. நாளைக்கு வந்துருமுங்ம்மா, நாளைக்கு வந்துருமுங்ம்மான்னு நாந்தான் சொல்லீட்டு இருந்தேன். பதினோரு நாளும்."

"அண்ணா…"

"அம்மா நிம்மதியாத்தான் போச்சு. நானும் இத்தன வருசம் நிம்மதியாத்தான் இருந்தேன். இப்ப எதுக்கு எங்கிட்ட சொன்ன? உனக்குப் பாரம் எறங்கிருச்சு. எனக்கு ஏறிருச்சு."

யாழினி எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். "மாமா, நானும் பொய் சொன்னேனுங். நீங்க போன்ல கேட்டீங்க. நான் வரலைன்னு சொன்னேன். எனக்குத் தெரியும்ங். சாரிங் மாமா."

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது. "உனக்கு அப்ப பத்து வயசு கண்ணு. நீ என்ன பண்ணுவ" என்று தன் தட்டை அவள் பக்கம் தள்ளினார். கை கழுவப் போனவர் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார்.

சாயங்காலம் அண்ணன் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்து ஹாலில் உட்கார்ந்தார். நான் கதை வந்த விஷயத்தை நங்கையிடம் சொல்லியிருந்தேன். நங்கை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். "அந்தக் கதையக் கொண்டா கண்ணு, வாசி" என்று யாழினியிடம் சொன்னார்.

அவள் இரண்டாம் தடவை வாசித்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன். 'குடியேற்ற அலுவலகம்' என்பதற்குத் தமிழ் தெரியாமல் திணறினாள். "பாஸ்போர்ட் ஆபீசுன்னு வெச்சுக்க கண்ணு" என்றார் நங்கை. இந்தமுறை கதை நீளமாக இருந்தது. ஒறம்பரை என்ற வார்த்தையும், சாய்ந்து தெரிந்த அம்மாவின் முகமும் வந்தன. எனக்கு வாசித்தபோது அவை வரவில்லை.

முடிந்ததும் அண்ணன் கேட்டார்: "ஜன்னல்ல இருந்தவன் எழுதிக் குடுத்தானா?"

"தெரியாதுங் மாமா. கதை அங்கயே முடிஞ்சுருச்சு."

"குடுத்திருக்க மாட்டான்" என்றார். எழுந்து ஃபேனைக் கொஞ்சம் குறைத்தார். "நல்லாத்தான் எழுதியிருக்குது அந்தம்மா. ஆனா அந்தப் புள்ளைக்கு ஒரு அண்ணன் இருந்தானே, அவனக் காணமே."

சாய் அம்மாமேல் தப்பு இல்லை. புயலுக்கு முந்தைய அந்தச் சாயங்காலம் நான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன், கார்டைப் பற்றிச் சொன்னேன், என்னைப் பற்றிச் சொன்னேன். பதினோரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்திருந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

7

இது ஆனி மாதம். ஊரிலிருந்து வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஏர்போர்ட்டில் அண்ணன் என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துத் தள்ளிக்கொடுத்தார். "பாத்துப் போங்க" என்று பொதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. நான் கூப்பிட்டால் நங்கைதான் எடுக்கிறார். "பட்டறைல இருக்கறாருங் அம்மிணி" என்கிறார். பட்டறை லீவு நாளிலும் அதே பதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் யாழினியின் போனுக்குக் கூப்பிடுகிறார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அரைமணி, முக்கால்மணி தமிழ் கேட்கிறது. முதலில் தட்டுத்தடுமாறிய தமிழ் இப்போது தங்குதடையில்லாமல் வருகிறது. ஆஸ்பத்திரியில் அம்மா என்ன சாப்பிட்டார், எந்த நர்சோடு சண்டை போட்டார், கடைசிநாள் யாரைக் கேட்டார் என்றெல்லாம் கேட்கிறாள். அவர் சொல்கிறார் போலிருக்கிறது. 'அய்யோ மாமா' என்கிறாள், சில சமயம் சிரிக்கிறாள். எனக்குத் தெரியாத என் அம்மா ஒருத்தி கதவுக்கு அந்தப் பக்கம் உருவாகிக்கொண்டிருக்கிறாள். நான் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே போய் உட்காரலாம். அவள் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். ஆனால் அந்த நேரம் அவர்களுடையது.

போன ஞாயிறு பேசி முடித்து வெளியே வந்தாள்.

"மாமா என்ன சொன்னாரு?" என்று எப்போதும்போலக் கேட்டேன். ஒன்றுமில்லை என்பாள், தெரியும்.

"அம்மா பக்கத்துல இருக்குதான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இருக்குதுன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"செரின்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்று தண்ணீர் குடிக்கப் போனாள்.

மடித்து வைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தேன்.